காத்திருக்க வைப்பதும் மறுப்புதான்

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு கொடுத்தவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால், நம் ஊர்களில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "வரும்னு சொல்றாங்க." யார் சொன்னார்கள், எப்போது வரும், மனு எந்த மேசையில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருப்பதே ஒரு நிர்வாக முறையாகிவிட்டது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். இந்திய அளவில் பட்டியல் சாதியினரில் 2.45 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத மற்றவர்களில் இது 2.18 விழுக்காடு. இந்த வேறுபாடு தலைவிதியால் வந்ததல்ல. சத்துக் குறைவு, எட்டாத மருத்துவம், பாதுகாப்பில்லாத கூலிவேலை ஆகியவற்றுக்கும் சேரிக்கும் உள்ள உறவு நாம் அறிந்ததே. பாதிப்பு கூடுதலாக இருக்கும் இடத்துக்கு நிவாரணம் முதலில் வர வேண்டும். வருவதென்னவோ கடைசியில்தான்.

வருவாய்த் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் வழங்கப்படும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை, 2023 ஜனவரி முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. கடும் பாதிப்பு உள்ளோர், அறிவுசார் குறைபாடு உடையோர், தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டோர் போன்றோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. ஒன்றுக்குத் தனி வட்டாட்சியர், மற்றொன்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். இந்த வேறுபாடு தெரியாமல் தவறான அலுவலகத்தின் வாசலில் மாதக்கணக்கில் காத்துக் கிடப்பவர்கள் உண்டு. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டமோ 80 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள வறியவர்களுக்கு மாதம் 300 ரூபாய் என்ற அளவிலேயே நிற்கிறது.

முதல் தடை சான்றிதழ். அதைத் தாண்டினால் அடுத்த தடை புதுப்பித்தல். சான்று இரண்டு வகைப்படும். பாதிப்பின் அளவு இனி மாற வாய்ப்பில்லை என்றால் நிரந்தரச் சான்று தர வேண்டும். மாற வாய்ப்பிருந்தால் மட்டுமே காலவரம்பு குறித்த தற்காலிகச் சான்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. காலை இழந்தவருக்குக் கால் மீண்டும் முளைக்கப் போவதில்லை. அவரையும் மறுபரிசோதனைக்கு அலைக்கழித்தால் அது விதிக்கே முரணானது.

தற்காலிகச் சான்று வைத்திருப்பவரின் சிக்கல் வேறு. சான்றில் உள்ள கடைசித் தேதியை அவருக்குப் படித்துச் சொல்ல ஆளில்லை. தேதி கடந்தபின், பணம் வராத மாதத்தில்தான் விஷயமே தெரியவருகிறது. பிறகு மருத்துவமனை, முகாம், இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர் என்று அலைச்சல் தொடங்குகிறது. ஒவ்வொரு நடைக்கும் மாற்றுத்திறனாளியோடு துணைக்கு ஒருவர் போக வேண்டும். துணைக்குப் போகும் தாயோ மகளோ அன்றைய கூலியை இழக்கிறார். அரசு தரும் பணத்தில் ஒரு பகுதி, அதைக் கேட்டு வாங்கப் போகும் வழியிலேயே கரைந்துவிடுகிறது.

விண்ணப்பித்த ஒரு மாதத்துக்குள் சான்று தர வேண்டும் என்றது 2017-ஆம் ஆண்டு விதி. 2024-இல் வந்த திருத்தம் அதை மூன்று மாதமாக நீட்டியது. அதிகாரிகளுக்கு அவகாசம் மூன்று மடங்காகிவிட்டது. காத்திருப்பவரின் வயிற்றுக்கு அப்படி அவகாசம் கொடுக்க யாராலும் முடியாது.

எனவே நாம் கேட்பவை இவை. புதுப்பிக்க உரிய காலத்தில் விண்ணப்பித்தவருக்கு, மறுபரிசோதனை முடிவு வரும்வரை உதவித்தொகையை நிறுத்தக் கூடாது. தாமதம் அரசுடையது என்றால் அதன் சுமையும் அரசுடையதே. சான்று முடியும் தேதிக்கு முன்பே கிராம அளவில் தகவல் சொல்ல வேண்டும். புதிய மனு ஏற்கப்பட்டால் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிட்டு நிலுவை தர வேண்டும். மருத்துவ முகாம்கள் மாவட்டத் தலைநகரோடு நிற்காமல் குடியிருப்புகளுக்கு அருகில் நடக்க வேண்டும். ஊர்ப் பொது இடம் என்ற பெயரில் சேரி மக்கள் நுழையத் தயங்கும் இடத்தில் முகாம் நடத்துவது முகாமே ஆகாது.

படிக்கும் பிள்ளைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் சான்றுகளை வாங்கிப் படித்துப் பாருங்கள். நிரந்தரமா தற்காலிகமா, எந்தத் தேதியோடு முடிகிறது என்று குறித்துக் கொடுங்கள். மனு கொடுத்தால் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது மருத்துவ அலுவலரின் கடமை. அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு வழி தருகிறது. பதிலே இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதற்குக் கட்டணமும் இல்லை.

வாய்வார்த்தையாக வரும் "பார்க்கலாம்" என்பதை யாரும் மேல்முறையீடு செய்ய முடியாது. எழுத்தில் வரும் "இல்லை" என்பதை எதிர்த்துப் போராட முடியும். அதனால்தான் முடிவு சொல்லாமல் இழுத்தடிப்பது மறுப்பைவிடக் கொடியது. உதவித்தொகை யாரும் இரங்கிப் போடும் பிச்சையல்ல, சட்டம் ஒப்புக்கொண்ட உரிமை. ஆம் அல்லது இல்லை என்ற பதிலையாவது உரிய நாளுக்குள் எழுத்தில் தர மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.