மூளையில் உடையும் வரப்பு



மரக்காணம் பக்கம் போயிருக்கிறீர்களா? கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளப் பாத்திகள்தான். எந்தப் பாத்திக்கு எவ்வளவு உப்புநீர் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வரப்பு உடைந்தால் கணக்கெல்லாம் குழம்பிவிடும்.

நம் மூளையும் அப்படித்தான். உப்பில் இருக்கும் சோடியம் நரம்பு செல்லுக்குள் நுழையும்போது மின்துடிப்பு பிறக்கிறது. அதை அடுத்த செல்லுக்குத் தூண்டிவிடும் செல்களும் உண்டு. 'போதும்' என்று அடக்கும் செல்களும் உண்டு. இந்தச் சமநிலை குலைந்தால் ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் துடிக்கும். அதுதான் வலிப்பு. அது திரும்பத் திரும்ப வருவதே வலிப்பு நோய்.

தலையில் பலத்த அடி, மூளைக்காய்ச்சல், பரம்பரை எனக் காரணங்கள் பல. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. வலிப்பு வந்தவர்களின் ஸ்கேன் படத்தில் சிறு புள்ளி தெரிந்தால், காசநோய்க் கட்டி என்றே முன்பு பலர் எண்ணினர். அவற்றில் பல, பன்றி நாடாப்புழுவின் இளம்புழுக்கள் என்று 1989-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். அந்தப் புழு உள்ளவரின் மலத்தில் வரும் முட்டைகள், கழுவாத கை, கீரை வழியே சைவம் சாப்பிடுபவர் உடலுக்குள்ளும் போகும். மூளையில் புழு செத்த இடத்தில் தழும்பு விழுந்தால், சுற்றியுள்ள செல்கள் நிலைகுலைந்து வலிப்பு தொடரலாம். கழிப்பறையும் சோப்பும் இதைத் தடுக்கும்!

வலிப்பு நோய் பேயுமல்ல, சாபமுமல்ல, தொட்டால் ஒட்டாது. கையில் சாவிக்கொத்து கொடுத்தால் நிற்கும் என்பார்கள். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாகவே நிற்கும். பெயர் மட்டும் சாவிக்கு!

பக்கத்தில் யாருக்காவது வலிப்பு வந்தால் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். தலைக்கடியில் துணி வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கை கால்களை அமுக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

சரியான மருந்தை விடாமல் சாப்பிட்டால் 100-ல் 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளும். ஆனால், 'அவன் பக்கத்தில் உட்காராதே' என்ற சொல் தரும் காயத்துக்கு மருந்து நீங்கள்தான். நாளை அந்த நண்பனின் பக்கத்தில் போய் உட்காருவீர்கள்தானே?