ராணிப்பேட்டை குரோமியக் கழிவு: பாக்டீரியா சுத்தம் செய்யுமா?

திருவண்ணாமலையிலிருந்து ஆரணி, ஆற்காடு வழியா பஸ் ஏறினா ராணிப்பேட்டை. ஒரு காலத்தில் ரெண்டும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். அங்கே 1995-ல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை விட்டுச்சென்ற கழிவு, 2 லட்சம் டன்னுக்கும் மேல். அதிலுள்ள குரோமியம்-6 தண்ணீரில் கரையும்; புற்றுநோய்க் காரணி. நிலத்தடி நீர் வரை இறங்கிவிட்டது.

இந்த விஷத்திலும் சில பாக்டீரியாக்கள் பிழைக்கின்றன. எப்படி?

ரகசியம் மரபணுவில் இருக்கு. குரோமேட் பார்க்க சல்பேட் மாதிரியே இருப்பதால், செல் ஏமாந்து அதை உள்ளே விட்டுவிடும். ‘சிஎச்ஆர்-ஏ’ மரபணு உருவாக்கும் புரதம், பம்ப் போல அதை வெளியே தள்ளும். பாக்டீரியா தப்பிச்சிடும், ஆனா மண்ணில் விஷம் அப்படியே கிடக்கும்!

சுத்தம் செய்வது வேறு மரபணுக்களின் வேலை. அவை தரும் ரிடக்டேஸ் நொதிகள், குரோமியம்-6ஐ எளிதில் கரையாத, நச்சு குறைந்த குரோமியம்-3 ஆக மாற்றும்.

அப்போ பிரச்னை தீர்ந்ததா?

இல்லை. உலோகம் அழியாது, வடிவம்தான் மாறும். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தா, திரும்பவும் குரோமியம்-6 ஆகலாம். கழிவைப் பாதுகாப்பாக அகற்றும் வேலை பாக்கியிருக்கும்.

அடுத்த முறை ‘குரோமியம் தின்னும் பாக்டீரியா’ என்று செய்தி வந்தா, ஒரே கேள்வி கேளுங்க: அது விஷத்தைத் தாங்குதா, மாத்துதா?