முதியோரும் மருந்துக் காப்புறுதியும்

நம் நாட்டிலே முதியவர் ஒருவர் நோயுற்றால் அரசினர் வைத்தியசாலைக்குச் சென்று இலவசமாக மருந்து பெற்று வரலாம். ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை அத்தகையதன்று. பிள்ளைகளுடன் வாழ அங்கு செல்லும் பெற்றோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

1965 இல் ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்ட மெடிக்கெயர் திட்டம், 65 வயதை எட்டியோரின் வைத்தியசாலைச் செலவுக்கும் வைத்தியர் கட்டணத்துக்கும் உதவியது. ஆயின், வீட்டில் நாள்தோறும் உண்ணும் மருந்துக்கு அதில் இடமிருக்கவில்லை. அக்குறையை நீக்க 2003 இல் சட்டம் பிறந்தது. 2006 ஜனவரியில் 'டீ பகுதி' எனும் மருந்துக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. இதனை நடத்துவோர் அரசின் அங்கீகாரம் பெற்ற தனியார் கம்பனிகள். சேர்வதும் சேராமல் விடுவதும் அவரவர் விருப்பம். பிற நாட்டவராயின், நிரந்தர வதிவுரிமையுடன் 5 ஆண்டுகள் தொடர்ந்து வசித்த பின்னரே மெடிக்கெயரில் பணங்கட்டிச் சேரலாம்.

"நான் மாத்திரையே உண்பதில்லை, எனக்கேன் காப்புறுதி?" என்று கேட்பவர் உளர். வேறு தக்க மருந்துக் காப்புறுதியின்றி உரிய காலத்தைக் கடத்தினால், தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் அடிப்படைக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 வீதம் தண்டம் சேரும். 2025 இல் அக்கட்டணம் 36.78 டொலர். 20 மாதம் தாமதித்தவர் மாதந்தோறும் 7 டொலருக்கு மேல் அதிகம் கட்ட நேர்ந்தது. இத்தண்டம் ஓராண்டில் தீர்வதன்று. காப்புறுதி உள்ளவரை தொடரும். வருமானம் குறைந்து அரசின் விசேட உதவி பெறுவோருக்கு மட்டும் இது இல்லை.

மாதக் கட்டணம் குறைந்ததைக் கண்டு மயங்குவதும் தவறு. கம்பனிக்குக் கம்பனி மருந்துப் பட்டியல் வேறுபடும். ஒருவர் தம் கையிலிருந்து செலுத்தும் தொகைக்கு 2025 இல் 2,000 டொலர், 2026 இல் 2,100 டொலர் என எல்லை வகுக்கப்பட்டது. அந்த எல்லையை எட்டியபின் அவ்வாண்டில் மருந்துக்குப் பணமில்லை. ஆனால் பட்டியலில் இல்லாத மருந்துக்கு இந்த எல்லை காவலாகாது.

ஆகவே, அங்கு வாழும் பிள்ளைகள் ஆண்டுக்கொருமுறை பெற்றோரின் மருந்துப் போத்தல்களை மேசைமேல் வைத்து, பெயரையும் அளவையும் எழுதி, பட்டியலோடு ஒப்பிடுக. திட்டத்தை மாற்றுவதற்கு ஒக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை தவணை உண்டு. வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவு.