சொல் மாறிற்று, படி மாறிற்றா?

தோழனே!

திருவொற்றியூரிலிருந்து புறப்பட்ட ஒரு பயணியின் கதை நீ அறிந்ததுதான். சங்கிலியாருக்குத் தந்த வாக்கை மீறி ஊரெல்லையைத் தாண்டினார் சுந்தரர்; கண்ணிரண்டும் ஒளியிழந்தன; வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது; காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண் என்கிறது பெரியபுராணம். நம்புவோர் நம்பட்டும், நமக்கு அதுவல்ல வழக்கு. கண்ணிழந்தவர் மூலையில் முடங்கவில்லை, கோலூன்றி ஊர் ஊராக நடந்தார் என்று பாடச் சேக்கிழாருக்கு மனமிருந்தது!

அதே ஊருக்கு இன்று கண்ணற்ற ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள். 2022 மார்ச்சில் திறந்த தேரடி மெட்ரோ நிலையம்வரை கவலையில்லை; மின்தூக்கி உண்டு, பாதம் தொட்டறியும் தடம் உண்டு. வாசலைத் தாண்டியபின்? நடைபாதையை அடைத்த வண்டிகள். உணவு விடுதிக்கு மூன்று படிகள். தங்கும் விடுதியிலோ, சக்கர நாற்காலி நுழையாத குளியலறைக் கதவு. "வருக" என்று பலகை அழைக்கிறது. "வராதே" என்று படி விரட்டுகிறது!

"அப்படிப்பட்டவர்கள் எங்கள் கடைக்கு வருவதே இல்லையே" என்பார் முதலாளி. வருவார்களா, ஐயா? வழியை அடைத்துவிட்டு வரவில்லை என்று கணக்கெழுதுவதா?

தெற்கே பார். 2022 நவம்பர் 27-இல் மெரினாவில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தது. அதுவரை தொலைவில் நின்று அலையோசை மட்டும் கேட்டவர்கள், சக்கர நாற்காலியிலேயே நீரருகே சென்றார்கள். இரு வாரம் ஆகுமுன் மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. செப்பனிட்டு மீண்டும் திறந்தார்கள். வடக்கே என்ன நிலை? தென்னகத்தின் முதல் இரயில் 1856-இல் புறப்பட்ட இராயபுரம் இங்கே. காசிமேட்டு மீன் இங்கே. எண்ணூர்க் கழிமுகம் இங்கே. ஆனால் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களைத் தாண்டிக் கடலைத் தொட, கால் வலுத்தவனே தடுமாறுகிறான். கற்கள் குடிசைகளைக் காக்கின்றன, அவை இருக்கட்டும். மணல் எஞ்சிய இடத்திலேனும் ஒரு பாதை வேண்டாமா? ஆலை இயந்திரத்துக்குக் காலைப் பறிகொடுத்த தொழிலாளிக்கும், மகளோடு அலையில் நனைய ஆசை இராதா?

இரக்கம் கேட்கவில்லை, தோழனே. உரிமை கேட்கிறோம். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசை மட்டுமல்ல, தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருத்தலாகாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8-இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது.

செலவா? ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடிச் சாய்வு என்பது பொறியாளர் கணக்கு. அரையடிப் படிக்கு ஆறடிச் சாய்வு போதும். ஒரே இரவில் மாநாட்டு மேடை கட்டத் தெரிந்தவர்களல்லவா நாம்!

ஊனமுற்றோர் என்ற சொல்லை ஒதுக்கி, மாற்றுத்திறனாளிகள் என்று பெயர் தந்தார் கலைஞர். அந்தப் பெயரை மேடைதோறும் முழங்குகிறோமே, நம் மன்றத்து வாசலில் எத்தனை படி? அதை முதலில் அளந்துவிடு. பிறகு அளவு நாடாவோடு தேரடி முதல் கடற்கரைவரை கடை கடையாகப் போ. கோலூன்றி நடக்கும் தோழர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல். எந்தப் படி தடை என்பதை அவரே சொல்லட்டும்.