குதிரையின் மேல் ஒரு குழந்தை, அருகில் மூவர்



குதிரை என்றதும் ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையும், ஆலயச் சுரூபங்களில் குதிரைமேல் வரும் புனித சந்தியாகப்பரும் நம் நினைவுக்கு வரலாம். அதே குதிரை இன்று மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான சிகிச்சையிலும் உதவுகிறது.

1944-ல் இளம்பிள்ளைவாதம் தாக்கி முழங்காலுக்குக் கீழ் செயலிழந்தவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் அவர் வெள்ளிப்பதக்கம் வென்றார். குதிரையில் ஏறி இறங்க அவருக்குப் பிறர் உதவி வேண்டியிருந்தது. அவரது வெற்றி இச்சிகிச்சையின்பால் உலகின் கவனத்தைத் திருப்பியது.

நடக்கும் குதிரையின் முதுகு, மனிதன் நடக்கும்போது இடுப்பு அசைவதைப் போலவே அசைகிறது. அதனால் அமர்ந்திருக்கும் குழந்தையின் உடல் சமநிலையைப் பழகுகிறது. இது நோயை நீக்கும் மருந்தல்ல; பிசியோதெரபிக்கு மாற்றும் அல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒருவர் குதிரையை நடத்துகிறார். தேவைப்படும் குழந்தைக்கு இருபுறமும் இருவர் துணை வருகின்றனர். அந்நேரம் தாயின் கைகளுக்கு ஓய்வு. எப்போதும் தூக்கிச் சுமந்த பிள்ளையை அவள் அண்ணாந்து பார்க்கிறாள். தன்னைப் போன்ற பிற பெற்றோரிடம் மனம்விட்டுப் பேசுகிறாள்.

திருப்பூரில் பிழைப்புக்காக வந்த குடும்பங்கள் பல. தாத்தா பாட்டி ஊரில். தாயும் தந்தையும் பனியன் கம்பெனியில். பீஸ் ரேட்டில் தைப்பவர், பிள்ளையைச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றால் அன்றைய கூலி இல்லை. கைமடி, செக்கிங் வேலைக்குப் போன தாய் வேலையை விட்டால் வாரச் சம்பளம் பாதியாகிறது. அதிகத் துணை தேவைப்படுவோரின் பராமரிப்பாளருக்கான உதவித்தொகை பற்றி 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேசுகிறது. ஆனால் பணம் மட்டும் தனிமையைப் போக்காது. பிள்ளையின் குறைக்குப் பெற்றோரின் பாவமே காரணம் என்ற பேச்சு வேறு. பிறவியிலேயே பார்வையற்றவரைக் குறித்து அதை இயேசு அன்றே மறுத்துவிட்டார்.

முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வந்தனர். அவர்களது நம்பிக்கையை ஆண்டவர் கண்டார். குதிரையை வாங்க நம் பங்குகளால் இயலாது. அதனருகே நடக்கும் மூவரைத் தர நம் அன்பியங்களால் இயலும். ஞாயிறு திருப்பலியில் அக்குழந்தை சத்தமிட்டால் திரும்பி முறைக்காதிருப்போம். வாரம் ஒரு மணிநேரம் அதனோடு அமர்ந்து, தாய்க்கு ஓய்வளிப்போம். அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் அலையும் தந்தையோடு நடப்போம்.

நம் அன்பியத்தில் அப்படியொரு வீடு எது? சிந்திப்போம், இவ்வாரமே அவ்வீட்டுக் கதவைத் தட்டுவோம்.