திரும்பும் வழியையும் எண்ணுவோம்

கோடை விடுமுறையில் குரோசியாவின் ஸ்பிளிற் நகரிலிருந்து டுப்ரோவ்னிக் வரை பாய்மரப்படகிற் செல்ல எண்ணுவோர் முதலிற் காற்றின் திசையை நோக்குதல் வேண்டும். பிற்பகல்களில் வீசும் வடமேல் காற்று, பிராச், ஹ்வார், கோர்ச்சுலா, ம்லியெற் தீவுகளினூடே நம்மைப் பின்னின்று தள்ளிச் செல்லும். எதிர்க்காற்றில் மீள்வதோ பிள்ளைகளை வாட்டிவிடும். ஆகவே தனிக்கட்டணம் செலுத்தியேனும் படகை டுப்ரோவ்னிக்கிலேயே ஒப்படைத்தல் நன்று.

நம்மவர்க்குச் சிக்கல் கடலிலன்று. பேரூந்தில் ஸ்பிளிற் திரும்புகையிலேயே. பழைய கரையோர நெடுஞ்சாலை நெயூம் என்னுமிடத்தில் பொஸ்னியாவுக்குட் புகுந்து வெளிவரும். குரோசியா 2023 இல் ஷெங்கன் வலயத்திற் சேர்ந்தது, பொஸ்னியா அதிலில்லை. அகதிப் பயண ஆவணத்துடன் எல்லைச் சாவடியில் நிற்பது எத்தகையதென நாம் அறிவோம். 2022 இல் திறக்கப்பட்ட பெலியெஷாட்ஸ் பாலத்தால் அவ்வெல்லையைத் தவிர்க்கலாம். பயணச்சீட்டு வாங்குமுன், வண்டி பாலத்தாற் செல்லுமா, நெயூமினூடாகவா எனக் கேட்டறிவோமாக.