விதை நிதி என்றால் விதை தருவார்களா?

கேள்வி: எங்கள் ஊருக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் மாணவிகளோடு வந்தார். 'விதை நிதியில் ஆய்வு' என்றார்கள். விதை தருவார்கள் என்று போனேன். நகைக்கடன் எவ்வளவு, வீட்டுக்காரர் குடிப்பாரா என்று கேட்டு எழுதிக்கொண்டு கையெழுத்தும் வாங்கினார்கள். கடன் விவரம் வெளியே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: விதை என்றதும் நிலக்கடலையை நினைத்துப் போனது உங்கள் தவறில்லை, சகோதரி. ஓர் ஆசிரியர் புதிய ஆய்வைத் தொடங்கப் பல்கலைக்கழகமே தன் பணத்தில் கொடுக்கும் சிறு தொகைக்கு அந்தப் பெயர். நாற்றங்கால் மாதிரி. அதில் கிடைத்த முதல் விவரங்களைக் காட்டி, வெளியே பெரிய நிதி கேட்பார்கள். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பும், ஆசிரியர்களுக்கு விதை நிதி கொடுத்தீர்களா என்று பார்க்கிறது. ஆகவே ஊரின் கஷ்டத்துக்காக நடக்கும் ஆய்வும் உண்டு, மதிப்பெண்ணுக்காக நடப்பதும் உண்டு.

நீங்கள் போட்டது அநேகமாக சம்மதப் படிவத்தில் கையெழுத்தாக இருக்கும். முறையான ஆய்வில் உங்கள் பெயரோடு சேர்த்து எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது. என்ன ஆய்வு, விவரம் எங்கே போகும் என்று தமிழில் எழுதிய தாளை உங்களிடம் கொடுத்து, படித்துக் காட்டிய பிறகுதான் கேள்வியே கேட்க வேண்டும். அந்தத் தாள் இல்லையென்றால் பேராசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். மனம் ஒப்பவில்லை என்றால், 'என் பதில்களை எடுத்துவிடுங்கள்' என்று அவருக்கும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கும் கடிதம் எழுதலாம். விலகினால் ரேஷனோ பயிர்க்கடனோ நிற்காது. ஆதார் எண், பாஸ்புக், ஓ.டி.பி. கேட்டால் கொடுக்காதீர்கள், கடன் பற்றிய ஆய்வுக்கு அவை தேவையில்லை.

குடி பற்றிய கேள்வியை வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது கேட்டார்களா? அப்படியென்றால் அது பெரிய தவறு. இரவில் அடி வாங்குவது நீங்கள்தானே. தனியாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள், இல்லையேல் அடுத்த கேள்விக்குப் போகச் சொல்லுங்கள்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு குழுவை நானே ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனேன். வாரத் தவணை வசூல்காரர்கள் வாசலில் உட்கார்ந்துகொள்வதைப் பெண்கள் அழுதபடி சொன்னார்கள். குழு திரும்பி வரவே இல்லை. மறுவருடம் துத்தநாக சல்பேட் பற்றிப் பேசப் போனபோது ஒரு பாட்டி, 'அன்னைக்கு எழுதிக்கிட்டுப் போனாங்களே, என்ன ஆச்சு சார்?' என்றார். என்னிடம் பதில் இல்லை.

இப்போதெல்லாம் யார் வந்தாலும், 'முடிவை எந்தக் கிராம சபையில் வந்து சொல்வீர்கள்?' என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் ஊரிலும் அதைக் கேளுங்கள். அக்டோபர் 2 கூட்டத்துக்கே அவரை வரச் சொல்லலாம்.